பெரட்டுக்கு வராத மங்களம்

"இன்னைக்கு வெள்ளி இல்ல, வியாழன்தான். உங்க மவன் வரமாட்டாரு. கஞ்சி கொஞ்சம் அடிப்பிடிச்சிருக்கு, தெரிஞ்சே குடிங்க."

பெம்பான் முதியோர் இல்லத்தில் போர்வையை மடித்தபடியே மங்களம் காலை வணக்கம் சொல்லும் விதம் இது. ஐம்பதைத் தாண்டிய பணிப்பெண். குட்டை உருவம், டெட்டாலில் ஊறி வெளுத்த கைகள். கையில் கண்ணாடியோடு சுப்பம்மா, "முடியில கறுப்பு தெரியுதா?" என்று கேட்டால், "ஒண்ணுகூட இல்லக்கா" என்பார். சுப்பம்மாவும் சளைக்காமல் மறுநாள் கேட்பார். மலாக்காவிலிருந்து கேக்கோடு வந்த மாதர் சங்கத் தலைவி, "எல்லாரும் சந்தோஷமா இருக்காங்களா?" என்று புகைப்படத்துக்குச் சிரித்தபடி கேட்டபோது, "நாலு பேருக்கு வயித்தால போவுது. மத்தவங்க பரவால்ல" என்று பதில் சொன்னவர்.

அவர் புருஷன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, வருகிறவர்கள் எல்லாம் "நாளைக்கு வீட்டுக்குப் போயிடலாம்" என்றார்களாம். மனுஷன் அதை நம்பி, சட்டையை மாட்டிப் பொத்தானும் போட்டுக்கொண்டு காத்திருந்தார். அந்தச் சட்டையோடுதான் போய்ச் சேர்ந்தார். அதிலிருந்து மங்களத்துக்கு வாயில் பொய் வருவதில்லை.

தொண்ணூற்றாறாம் வருஷம் அப்புசாமி வந்து சேர்ந்ததும்தான் இது பெரிய தொல்லையானது. ரப்பர் தோட்டத்துக் கங்காணியாக இருந்து ஓய்ந்தவர். நினைவு மட்டும் ஓயாமல் அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தது. விடிந்ததும் கூடத்தில் நின்று, "எங்கடா ஆளுங்க?" என்று கத்துவார். ஆள் வராவிட்டால் மருந்தும் இல்லை, குளியலும் இல்லை.

பொறுப்பாளர் ஷாமினி தாதி. கோலாலம்பூரில் பயிற்சி எடுத்த பெண். டீம்வொர்க் என்றால் அவருக்கு உயிர். மறுநாளே கூடத்தில், தோட்டத்தில் விடிகாலையில் ஆள் கணக்கெடுப்பது போலவே, பெரட்டு தொடங்கியது. சமையல்காரர் ராமையா பால் வெட்டும் உளிக்குப் பதில் கரண்டியோடு நின்றார். வேன் ஓட்டும் புவனேந்திரன் பால்வாளி என்று தரை துடைக்கும் வாளியைத் தூக்கிக்கொண்டார். ஷாமினி கணக்கெழுதும் கிராணியானார். கங்காணி பேர் கூப்பிட, ஆளுக்கொரு "வந்துட்டேன் ஐயா." பிறகு மருந்து சுலபமாக இறங்கியது.

மங்களம் மட்டும் நிற்கவில்லை.

"அக்கா, இது பொய் இல்ல. டீம்வொர்க்" என்றார் ஷாமினி.

"எத்தன பேரு சேந்து சொன்னாலும் பொய் பொய்தான் மிஸி. நான் பால் வெட்ட வரல லா."

அப்புசாமியின் இடது காலில் சர்க்கரைப் புண். தினமும் கட்டு மாற்றாவிட்டால் விரலை எடுக்க வேண்டிவரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஷாமினி பஞ்சோடு போனால், "கிராணியம்மா என் காலத் தொடுறதா? கூடாது" என்று காலை இழுத்துக்கொள்வார். ராமையாவுக்குப் புண்ணைக் கண்டாலே தலை சுற்றும். புவனேந்திரன் ஒருமுறை கட்டைப் பிரித்துவிட்டு அதே பால்வாளியில் வாந்தி எடுத்தார். மிச்சம் மங்களம்தான். அவரைக் கண்டாலோ, "பெரட்டுக்கு வராதவளுக்கு வேல கிடையாது" என்று கங்காணி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

காலில் வாடை கிளம்பியது. அன்று முழுக்க மங்களம் யாருக்கும் கிழமைகூடச் சொல்லவில்லை. சுப்பம்மா முடியைப் பற்றிக் கேட்டபோதும் கங்காணியின் கால் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை வரிசையின் கடைசியில், கையில் மருந்துத் தட்டோடு வந்து நின்றார்.

"யாரு நீ?"

"என் பேரு மங்களம். வேலைக்கு வந்திருக்கேன்."

"நேத்தெல்லாம் ஏன் வரல?"

"வந்தேன் ஐயா. இங்க நிக்கல, அவ்ளோதான்."

"எந்த நெரை?" பால் வெட்டும் மர வரிசையைக் கேட்டார் கங்காணி.

ஷாமினி கண்ணை மூடிக்கொண்டார்.

"உங்க எடது கால், ஐயா."

ராமையா துண்டை வாயில் திணித்துக்கொண்டார். கங்காணி குனிந்து தன் காலையே வெகுநேரம் பார்த்தார். அப்புறம் நாற்காலியில் உட்கார்ந்து அதை மெல்ல நீட்டினார்.

"அந்தக் காட்டுல மேடு பள்ளம் ஜாஸ்தி. பாத்துப் போ."

அன்றிலிருந்து தினமும் அந்த நெரை மங்களத்துக்குத்தான். "வலிக்கும்" என்று சொல்லிவிட்டே தொடுவார். "வலிக்கட்டும், வேலையப் பாரு" என்பார் அவர். மழைக்காலம் முடியுமுன் புண் ஆறியது. விரல் தப்பியது. ஷாமினி டீம்வொர்க் வென்றது என்றார். மங்களம், "மருந்து நல்ல மருந்து" என்றார்.

புண் ஆறிய பிறகும் காலைப் பார்த்து எண்ணெய் தடவும் வேலை நிற்கவில்லை. ஒருநாள் அப்படிக் குனிந்திருந்தபோது கங்காணி தன் தேநீரோடு வந்த பிஸ்கட்டை உடைத்து, பாதியை அவர் வாய்க்கு நேரே நீட்டினார்.

"கை அழுக்கா இருக்கு, வாயத் தொற. தொர வந்துரப் போறாரு."

மங்களம் வாசல் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, வாயைத் திறந்தார்.