ராவுத்தர் மகனும் ஐம்பத்திரண்டு மூட்டைகளும்

நாளை மழை வருமா என்று கேட்டால், "வரலாம், வராமலும் போகலாம்" என்று சொல்லிச் சம்பளம் வாங்கும் தொழில்கள் இரண்டு: சோசியம், நிகழ்தகவு கற்பித்தல். சோசியருக்கு வெற்றிலை பாக்கும் கிடைக்கும். ஐம்பதுகளின் கடைசியில் மட்டாஞ்சேரியில், ஒரு சுக்குக் கிடங்கின் மாடியில் நடந்த ட்யூட்டோரியலில், பி.காம். மாணவர்களிடம் இரண்டாவது தொழிலை நான் செய்துவந்தேன். கரும்பலகைக்கு முன்னால் நின்று விழித்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவைப்படாது.

பூவா, தலையா

நாணயத்தைச் சுண்டினால் இரண்டே முடிவுகள்தான் என்று முதல் வகுப்பில் எழுதி, அடியில் கோடும் போட்டேன். பிறகு ஓரணாவைச் சுண்டினேன். அது தரையில் விழுந்து உருண்டு, மரப்பலகை இடுக்கு வழியாகக் கீழே கிடங்குக்குள் போய்விட்டது. வகுப்பு நான் போட்ட கோட்டைப் பார்த்தது. பிறகு என்னைப் பார்த்தது. கிடங்கு முதலாளி ராவுத்தரின் மகன் ஷாகுல் எழுந்து மிகுந்த மரியாதையுடன் கேட்டான்: "சார், மூணாவதையும் எழுதிக்கலாமா?"

சூதாடிகளின் கணிதம்

பாடப்புத்தகத்தில் முக்கால்வாசிக் கணக்கு சீட்டுக்கட்டில்தான். நானும் ஒரு கட்டு வாங்கிவந்து, "ராஜா வருமா, ராணி வருமா" என்று உற்சாகமாகக் கத்திக் குலுக்கிக்கொண்டிருந்தேன். இடுக்கு வழியாகக் குரலும் இறங்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

ராவுத்தர் மாடியேறி வந்து, செருப்பை வெளியே விட்டுவிட்டு வாசலில் நின்றார். பாலக்காட்டிலிருந்து வந்து கடை போட்ட குடும்பம். சீட்டு அவர்கள் வீட்டுப் படியை மிதித்ததில்லை. இது சூதாட்டமல்ல, கணிதம் என்றேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். இந்தக் கணிதமே பதினேழாம் நூற்றாண்டில் சூதாடிகளின் சந்தேகங்களிலிருந்து பிறந்ததுதான் என்றும் விளக்கினேன். படித்த திமிர், வேறென்ன. பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "அப்ப சரிதான் சார். திங்கக்கிழமையிலேருந்து அவன் கீழே கடையில இருக்கட்டும்."

நாலு சரக்கு

பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. இந்த ஒரு பேப்பர் போனால் ஷாகுலுக்குப் பட்டம் இல்லை, கிடங்குதான். என் வாயால் வந்த வினை. மறுநாளே கீழே இறங்கிப் போய், சீட்டைத் தொடாமலே சொல்லித்தருவதாக வாக்குக் கொடுத்தேன். ராவுத்தர் அரைமனதாகச் சம்மதித்தார்.

சீட்டுக்கட்டு கிடங்காக மாறியது. மிளகு, சுக்கு, ஏலம், மஞ்சள்; சரக்குக்குப் பதின்மூன்று மூட்டை. சீட்டு எடுப்பதற்குப் பதில், கண்ணை மூடி ஒரு மூட்டையைத் தொட வேண்டும். பரீட்சையில் ராஜா என்று வந்தால் 'முதலாளி மூட்டை' என்று எடுத்துக்கொள்ளச் சொன்னேன். வகுப்பு கணக்குகளை மளமளவென்று போட்டுத் தள்ளியது. பக்கத்து அறையில் ஆங்கிலம் நடத்திய குறுப்பு மாஷ் எட்டிப் பார்த்தார்: "மாஷே, இங்க பாஸாகுறவனுக்கு டிகிரியா, கடை லைசென்ஸா?"

திருப்பி வைத்தல்

பரீட்சையன்று கல்லூரி வாசலில் காத்திருந்தேன். கட்டிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு சீட்டு எடுத்தால் இரண்டும் ராஜாவாக இருக்க நிகழ்தகவு என்ன என்று ஒரு பெரிய கேள்வி. முதல் ராஜா கையில் இருப்பதால், இரண்டாம் முறை மிச்சம் ஐம்பத்தொரு சீட்டு, மூன்று ராஜா. ஷாகுலோ மறுபடியும் ஐம்பத்திரண்டு, நான்கு என்றே போட்டுவிட்டு வந்திருந்தான். கிடங்கில் மாதிரிக்குச் சரக்கு எடுத்துப் பார்த்த மூட்டையின் வாயைத் தைத்து, அடுக்கில் திருப்பி வைத்த பிறகுதான் அடுத்ததைத் தொடுவார்கள். உவமை சொன்ன மேதை இதை யோசிக்கவில்லை. ஏன் அப்படிப் போட்டாய் என்று கேட்டதும் அவன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான்: "திருப்பி வைக்காமப் போட்டா அத்தா சும்மா விடுவாங்களா சார்?"

ரிசல்ட்

ரிசல்ட் வரும்வரை கிடங்கு வாசலைத் தலைகுனிந்தே கடந்தேன். ஷாகுல் மயிரிழையில் தேறினான். ராவுத்தர் அல்வாப் பொட்டலத்துடன் மாடியேறி வந்து, பையன் தேறுவான் என்று முன்பே தெரியுமா என்று கேட்டார். துறைக்குத் துரோகம் செய்யக்கூடாது என்று, பாதிக்குப் பாதிதான் வாய்ப்பு இருந்தது என்றேன். பொட்டலத்தை என் கையில் வைத்தபடியே சொன்னார்: "அது எனக்கே தெரியுமே சார். அதுக்கா ஃபீஸ் கட்டினேன்?"

இத்தனை வருடம் கற்பித்ததில், நான் வாயைத் திறந்தால் அதற்கு ஒரு நல்ல பதில் எங்கிருந்தாவது வந்துவிடும் என்பதன் நிகழ்தகவு சரியாக ஒன்று, அதாவது நிச்சயம், என்பதை மட்டும் ஐயமின்றி நிறுவியிருக்கிறேன்.