நான் துடைத்த இலக்கம்

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு மார்ச் மாதத்தின் கடைசி வாரம் இது நடந்தது. ஹட்டன் பஸ் நிலையத்திலிருந்து ஐந்து நிமிட நடையில் என் கடை இருக்கிறது. கடை என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். ஒரு மேசை, ஒரு நுண்ணோக்கி, இருபத்தெட்டு சின்ன இழுப்பறைகள், அவ்வளவுதான். தொழில்நுட்பக் கல்லூரியில் இலத்திரனியல் படித்துவிட்டு கைபேசி பழுதுபார்க்கிறேன். கடைக்கு வரும் ஒவ்வொரு போனுக்கும் ஒரு துண்டுச் சீட்டு எழுதுவேன்: என்ன குறை, எதைக் கழற்றினேன், எதை மாற்றினேன், எதைத் துடைத்தேன். பட்டியல் போடாமல் எனக்கு எந்த வேலையும் ஓடாது.

பக்கத்துக் கடை மோட்டார் சைக்கிள் உதிரிப்பாகக் கடை. அதன் உரிமையாளரை நாங்கள் எல்லோரும் நானா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவோம். ஐம்பது வயது இருக்கும். அவருடைய கல்லாவுக்குக் கீழே இரண்டு பிஸ்கட் டின்கள். அதற்குள் முந்நூறுக்கும் மேற்பட்ட ரேஸ் கார்ட்கள். பந்தயக் கார்கள், மோட்டார் சைக்கிள்கள், அவற்றை ஓட்டிய வீரர்கள். சில பபிள்கம் பக்கெற்றோடு வந்தவை, சில வெளிநாட்டுக்குப் போன உறவினர்கள் கொண்டுவந்தவை, சில தபாலில் மாற்றிக்கொண்டவை.

ஏப்ரலில் நுவரெலியாவில் சுற்றுலாச் சீசன் தொடங்கும்போது மலைப்பாதையில் கார், மோட்டார் சைக்கிள் போட்டி நடக்கும். அந்தக் காலத்தில் நானாவின் கடைக்கு நிறையப் பேர் வருவார்கள். அந்த வருடம் கடைக்குள்ளே கண்ணாடிப் பெட்டி ஒன்று செய்து, நல்ல கார்ட்களை அதில் வைக்க நினைத்திருந்தார்.

"தங்கச்சி, உங்களுக்குத்தான் லிஸ்ட் போட வருமே. இத ஒழுங்கா எழுதி, படமும் எடுத்துத் தந்தா நல்லம்" என்றார்.

எனக்கு அது விருப்பமான வேலை. டின்களை என் மேசைக்கு வாங்கிவந்து, கணினியில் கட்டங்கள் போட்டேன். வரிசை எண், வருடம், பெயர், மூலைகள், மேற்பரப்பு, அச்சு நேராக விழுந்திருக்கிறதா, கறை, கிறுக்கல். பத்துக்கு எத்தனை என்று கடைசியில் ஒரு புள்ளி. நானா என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தார்.

"இதுல ஆள் எங்க?"

"பேரு இருக்கே நானா, மூணாவது கட்டத்துல."

"பேரு கேட்லயும்தான் போட்டிருக்கு. இவரு என்னா செஞ்சாருன்னு எங்க இருக்கு?"

பிறகு ஒவ்வொரு கார்டாக எடுத்துச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். இவருக்குக் கியர் ஒன்றிலேயே சிக்கிக்கொண்டது, அப்படியே ஓட்டி முடித்தார். இவர் எரிகிற காரிலிருந்து எதிராளியை இழுத்துப் போடுவதற்காகத் தன் காரை நிறுத்தினார். இவர் ஒரு தடவையும் சாம்பியன் ஆகவில்லை, ஆனால் இவருடைய கார்டுக்குத்தான் எல்லோரும் அடித்துக்கொள்கிறார்கள்.

"அட்டை எல்லாம் ஒரே அட்டைதான் தங்கச்சி. அந்த ஆளு ரோட்டுல செஞ்சதுக்குத்தான் நாங்க இத மழையில நனையாம வச்சிருக்கோம்."

நான் தலையாட்டிக்கொண்டே மூலைகளை அளந்துகொண்டிருந்தேன். உண்மையைச் சொன்னால், அவர் பேசப் பேச வேலை தாமதமாகிறதே என்றுதான் எனக்கு இருந்தது.

வெள்ளிக்கிழமை பகல் நானா ஜும்ஆவுக்குப் பள்ளிவாசலுக்குப் போயிருந்தார். இரண்டாவது டின்னின் அடியில் வித்தியாசமாக ஒரு கார்ட் கிடைத்தது. வெளிநாட்டு அச்சு இல்லை. எங்கள் பக்கத்து டயர் கடை ஒன்று, போட்டியில் ஓடிய உள்ளூர்க்காரர்களின் படத்தைப் போட்டு வாடிக்கையாளர்களுக்குக் கொடுத்த கார்ட். நிறம் சிவப்பாக வழிந்திருந்தது. ஒரு பக்கம் சரிவாக வெட்டியிருந்தார்கள். படத்தில் மழைநீர் வடியும் தலைக்கவசத்தோடு ஓர் இளைஞன் மோட்டார் சைக்கிளில். பளபளப்பான அந்த மேற்பரப்பின் கீழ் மூலையில் நீலப் பேனாவால் கோணல்மாணலாக 214 என்று எழுதியிருந்தது.

நானாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. கடையில் உள்ள ஒவ்வொரு பெட்டியிலும் நீலப் பேனாவால் இலக்கம் எழுதுவார். பெயாரிங் பெட்டியில், செயின் பெட்டியில், சமயத்தில் தன் சாப்பாட்டுப் பெட்டியில்கூட. இதிலும் அவசரத்தில் எதையோ எழுதிவிட்டார் என்று நினைத்தேன். பட்டியலில் "கிறுக்கல்: உண்டு" என்று போட்டேன். புள்ளி மூன்றுக்குக் கீழே போனது. பாவமாக இருந்தது. மதர்போர்ட் துடைக்கும் அல்ககோலைப் பஞ்சுக் குச்சியில் தொட்டு மெதுவாக ஒற்றினேன். மை சுத்தமாக வந்துவிட்டது. அச்சுக்கு ஒரு சேதமும் இல்லை. "கிறுக்கல்: இல்லை" என்று திருத்தி, புள்ளியை நாலரை ஆக்கினேன். என்னை நானே மெச்சிக்கொண்டேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

தொழுகை முடிந்து வந்த நானா வழக்கம்போல இரண்டு கோப்பை பிளேன்டீயோடு என் கடைக்குள் வந்தார்.

"நம்ம ஊரு கார்ட் ஒண்ணு இருக்கும், பாத்தீங்களா? மஸ்கெலியா பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பையன். அத மட்டும் கவனமா தொடுங்க. அதுல ஒரு நம்பர் இருக்கு."

அப்புறம் கதையைச் சொன்னார். அந்த இளைஞன் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்தவன். ஒரு கராஜில் வேலை செய்துகொண்டே, பழைய பாகங்களைக் கொண்டு தானே பூட்டிய மோட்டார் சைக்கிளில் போட்டிக்கு வந்தான். பாதி மலையில் கிளட்ச் வயர் அறுந்துவிட்டது. மழை வேறு. கிளட்ச் இல்லாமலே, எஞ்சின் சத்தத்தைக் காதால் கேட்டுக் கேட்டு கியர் மாற்றி உச்சிவரை ஏறினான். மூன்றாவது இடம். தோட்டங்களிலிருந்து வந்திருந்த சனம் தடுப்புக் கயிற்றைத் தாண்டி ஓடியது. அடுத்த வருடம் டயர் கடை கார்ட் போட்டபோது நானா அதைக் கொண்டுபோய் அவனிடம் கையெழுத்துக் கேட்டார். அவன் பேனாவைப் பக்கத்தில் நின்ற அம்மாவிடம் கொடுத்துவிட்டான்.

"எனக்கு ஏதுங்க கையெழுத்து, இவங்க நம்பர்லதானே நான் வளந்தேன்னான். அந்த அம்மா மூணு எழுத்தும் அமுக்கி அமுக்கி எழுதிச்சு. கொழுந்து நிறுக்கிற எடத்துல சொல்ற நம்பர்."

தோட்டத்தில் ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஓர் இலக்கம் உண்டு. பறித்த கொழுந்தைத் தராசில் போடும்போது அந்த இலக்கத்தைச் சொன்னால்தான் எடை அவர் பேரில் ஏறும். இதை எனக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. நான் லயத்தில் வளர்ந்தவள். என் அம்மாவின் இலக்கம் 88. பாடசாலை விட்டு வந்து தராசடியில் அம்மாவுக்கு முந்திக்கொண்டு நான்தான் அதைக் கத்துவேன். அப்படிப்பட்ட எனக்கு, ஓர் இளைஞனின் படத்துக்குக் கீழே மூன்று எழுத்தைப் பார்த்ததும் பெயாரிங் பெட்டிதான் ஞாபகத்துக்கு வந்திருக்கிறது.

"அந்தக் கார்ட் வந்திச்சா?" என்று நானா திரும்பக் கேட்டார்.

"இன்னும் அது வரைக்கும் வரல நானா" என்றேன்.

அந்தப் பொய்யை நான் யோசித்துச் சொல்லவில்லை. ஆனால் சொன்ன பிறகு நிறைய யோசித்தேன்.

சனிக்கிழமை காலை நானா கடை திறக்கும் முன்பே வந்து, கார்டை நுண்ணோக்கியின் கீழ் வைத்தேன். விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்ததும் ஒன்று தெரிந்தது. மை போயிருந்தாலும் பேனா அழுத்திய பள்ளம் அப்படியே இருந்தது. இரண்டு, ஒன்று, நான்கு. அந்தப் பள்ளத்துக்குள் நீல மையை ஓட்டினால் போதும். தலைமயிர் அளவு வயரை ஒட்டவைக்கிற கை என்னுடையது. ஒரு பழைய அட்டையில் பத்துத் தடவை எழுதிப் பார்த்தேன். பத்தாவதை யார் பார்த்தாலும் நம்புவார்கள். பேனாவைக் கார்டின் மேல் கொண்டுபோய், மூடி வைத்துவிட்டேன். நல்லெண்ணம் என்று பெருமைப்பட முடியாது. அந்த அம்மாவையே மறுபடி எழுதச் சொன்னால் பொய்யும் ஆகாது, நானாவுக்கும் தெரியவராது என்று எனக்கு இன்னொரு வழி தோன்றிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மஸ்கெலியா பஸ் ஏறினேன். பையில் கார்ட், நீலப் பேனா, ஒரு பக்கெற் பிஸ்கட். டவுனில் இறங்கி விசாரித்து, தோட்டத்துக்கு மேலே நடந்தேன். மகன் கத்தாரில் கராஜ் வேலையில் இருப்பதாக வழியில் சொன்னார்கள். அந்த அம்மா லயத்துக்குப் பின்னால் போஞ்சிக் கொடிக்குக் கம்பு ஊன்றிக்கொண்டிருந்தார். பக்கத்துக் கடை நானாவின் கார்ட் என்று சொல்லி நீட்டினேன். கார்டை வாங்கி, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு பார்த்தார்.

"என் மகன் அப்ப எம்புட்டு ஒல்லி" என்றார். பிறகு மூலையைப் பார்த்தார். "எங்க என் நம்பரு?"

"நான் தெரியாம துடைச்சுட்டேம்மா. நீங்க மறுபடி எழுதித் தரணும்."

"தரமாட்டேன் புள்ள."

கோபமாகச் சொல்லவில்லை. பஸ் இல்லை என்று சொல்வதுபோலச் சொன்னார்.

"நான் பென்சன் எடுத்துட்டேன். அந்த நம்பர வேற ஒரு புள்ளைக்குக் குடுத்துட்டாங்க. நேத்துக்கூட தராசுகிட்ட எரநூத்திப் பதினாலுன்னு கூப்புட்டாங்க. நான் இங்கருந்து திரும்பிப் பாத்துட்டேன், பாரேன். அந்தப் புள்ள போயி கொழுந்த நிறுத்துச்சு. இனிமே நான் அத எழுதுனா அவ கொழுந்த நான் தூக்கிட்டு வந்த மாதிரி ஆயிரும்."

கார்டை என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த கம்பை எடுத்தார்.

"அந்தக் கடைக்கார அய்யா என்னா சொன்னாரு?"

"அவருக்கு இன்னும் தெரியாதும்மா."

கம்பு ஊன்றுவதை நிறுத்திவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "பக்கத்துக் கடையில சொல்றதுக்கு மஸ்கெலியா வரைக்குமா பஸ் ஏறி வந்த? நல்லா படிச்ச புள்ளதான்."

பிஸ்கட் பக்கெற்றை வாங்கிக்கொண்டு, எனக்கு ஒரு பை நிறைய போஞ்சிக்காய் கொடுத்து அனுப்பிவிட்டார்.

திங்கட்கிழமை காலை கார்டை நானாவின் கல்லாவில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். துடைத்தது, பொய் சொன்னது, பத்துத் தடவை எழுதிப் பழகியது, மஸ்கெலியா. வரிசையாகச் சொன்னேன், இடையில் நிறுத்தினால் தொடர முடியாது என்று தெரியும். நானா கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தார். கார்டைப் பார்த்தார். ஒரு வாடிக்கையாளர் வந்து பிளக் கேட்டார், எடுத்துக் கொடுத்தார். மறுபடி கார்டைப் பார்த்தார்.

"பள்ளம் இருக்கு நானா. நீங்க சொன்னா அது மேலயே மை ஓட்டித் தந்துருவேன். வித்தியாசம் தெரியாது" என்றேன். அந்த நேரத்தில்கூட எனக்குப் பழுதுபார்க்கத்தான் தோன்றியது.

"எனக்குத் தெரியுமே" என்றார்.

அன்று முழுவதும் அவர் என் கடைக்கு டீ கொண்டுவரவில்லை. அடுத்த நாளும் இல்லை. மூன்றாம் நாள் கண்ணாடிப் பெட்டி வந்தது. கார்ட்களை அடுக்க என்னைக் கூப்பிட்டார். உலகச் சாம்பியன்கள் எல்லாம் மேல் தட்டிலும் கீழ்த் தட்டிலும் போனார்கள். நடுத் தட்டில், கண் மட்டத்தில், நிறம் வழிந்த அந்தக் கார்ட் மட்டும் தனியாக. அதன் கீழே ஒரு சின்னத் துண்டில் அவர் கையால் எழுதியிருந்தார்: "இதன் கதையைப் பக்கத்து போன் கடையில் கேட்கவும்."

"நானா..." என்றேன்.

"நீங்கதானே துடைச்சீங்க. நீங்களே சொல்லுங்க" என்றார். அன்று டீ வந்தது.

அந்த ஏப்ரலில் எத்தனை பேருக்குச் சொன்னேன் என்று, பட்டியல் போடுகிற நானே எண்ணவில்லை. யாராவது வந்து கேட்டால் கையில் இருக்கும் வேலையை வைத்துவிட்டு, டோர்ச்சை எடுத்துக்கொண்டு போவேன். கண்ணாடியைத் திறந்து, பக்கவாட்டில் வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடிப்பேன். இலக்கம் எழுந்து வரும். முதலில் வெட்கமாக இருந்தது. என் தவறைச் சொல்லி முடித்துவிட்டு ஓடிவிடுவேன். பிறகு, தவறைச் சொல்ல வேண்டுமென்றால் அந்தப் போட்டியைச் சொல்ல வேண்டும், கிளட்ச் வயரைச் சொல்ல வேண்டும், பேனா ஏன் அம்மாவின் கைக்குப் போனது என்று சொல்ல வேண்டும் என்பது புரிந்தது. சொல்லச் சொல்ல, மழையில் அந்த மலை ஏறியதை நானே பார்த்ததுபோல ஆகிவிட்டது. நானாவின் முந்நூறு கார்ட்களும் எனக்கு அதற்குப் பிறகுதான் ஆட்களாகத் தெரிந்தார்கள்.

அந்த வருடக் கடைசியில் அந்த அம்மாவே போன் திரை உடைந்து என் கடைக்கு வந்தார். மகனோடு வீடியோவில் பேச முடியவில்லையாம். திரையை மாற்றிக் கொடுத்துவிட்டு அவரைப் பக்கத்துக் கடைக்கு அழைத்துப் போனேன். டோர்ச்சைச் சாய்த்தேன். மூன்று எழுத்தும் எழுந்ததும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அம்புட்டு அமுக்கியா எழுதுனேன்? பேனா பிடிச்சுப் பழக்கம் இல்லல்ல, மம்பட்டி மாதிரி பிடிச்சிருக்கேன்."

இன்றும் என் கடையில் வேலைத் துண்டின் கடைசி வரி "துடைக்கும் முன் கேட்டாயா?" என்பதுதான். போனைக் கொண்டுவருபவர்கள் அது என்ன என்று கேட்பார்கள், நான் டோர்ச்சை எடுப்பேன். பழகாத ஒரு கை அமுக்கி அமுக்கி எழுதியதால்தான் என் அவசரத்துக்குத் தப்பி அந்த இலக்கம் இன்னும் அங்கே இருக்கிறது என்பதை ஒவ்வொரு தடவை வெளிச்சத்தைச் சாய்க்கும்போதும் நினைத்துக்கொள்கிறேன்.