ஏழாவது இடம்

வாகனங்களைப் பற்றி எழுதும் இதழ் ஒன்றின் சோதனைக்கூடத்தில் அவளுக்கு வேலை. கடைகளில் விற்கும் இன்ஜின் ஆயில்களை வாங்கி, எது உசத்தி, எது மட்டம் என்று பார்த்துச் சொல்ல வேண்டும். சொந்தக்காரர்கள் அவளை 'ஆயில் டாக்டர்' என்றே கூப்பிட்டார்கள். எந்த வீட்டுக்குப் போனாலும் யாராவது ஓரமாக இழுத்துப் போய், "என் வண்டிக்கு எதை ஊத்தலாம்?" என்று கேட்பார்கள். அவளுக்கு உச்சி குளிர்ந்துபோகும்.

எஃகுக் குண்டுகளை எண்ணெயில் மூழ்கடித்து, அழுத்தி உரசவிடுவாள். குண்டில் விழும் தழும்பை மைக்ராஸ்கோப்பில் அளப்பாள். தழும்பு சின்னதாக இருந்தால் எண்ணெய் நல்லது என்று கணக்கு. அந்த முறை ஏழு எண்ணெய்கள். ஒவ்வொன்றையும் மூன்று தடவையாவது ஓட்டிப் பார்க்க வேண்டும். இதழாசிரியர் அவசரப்படுத்தினார் என்று ஒரே நாளில், தலா ஒரு தடவை ஓட்டி முடித்தாள். மனசு கேட்காமல் முதலில் ஓட்டிய எண்ணெயை மட்டும் சாயங்காலம் இன்னொரு தடவை போட்டாள். தழும்பு பெரிதாக விழுந்தது. கை தவறியிருக்கும் என்று அந்த அளவைத் தூக்கிப் போட்டுவிட்டாள்.

இதழ் வந்தது. சின்னப் பட்டறையில் எண்ணெய் தயாரிக்கும் ஒரு பெரியவருடைய சரக்குக்கு ஏழாவது இடம். கொஞ்ச நாளில் ஒரு காலையில் அவரே டப்பாவும் கையுமாக வந்து நின்றார்.

"நீங்க வாங்கின டப்பாவுல ஏதோ கோளாறு இருந்திருக்கும்மா. இதை ஒரு தரம் பாத்துடுங்க. மறுபடியும் அப்படியே வந்தா நான் வாயைத் திறக்கல."

"டப்பாவை மாத்தினா எண்ணெய் மாறிடுமாங்க?" என்று சிரித்தாள். ஆனாலும் மெஷினைப் போட்டதும் முதலில் அவர் எண்ணெயைத்தான் ஓட்டினாள். தழும்பைப் பார்த்ததும் தூக்கிவாரிப்போட்டது. முதலிடம் பெற்ற எண்ணெய்க்கு விழுந்ததைவிடச் சின்னது! பதறிப்போய் அந்த முதலிடத்து எண்ணெயை எடுத்து ஓட்டினாள். மெஷின் அதற்குள் சூடேறியிருந்தது. தழும்பு அகலமாக விழுந்தது.

இதழுக்காகச் சோதித்த அன்று முதலில் ஓட்டியது முதலிடம் வாங்கியது. சூடேறிய மெஷினில் கடைசியாக ஓட்டியது கடைசி இடம். விஷயம் அவ்வளவுதான்.

வெளியே பெஞ்சில் பெரியவர் உட்கார்ந்திருந்தார். "எப்படிம்மா இருக்கு?"

"முடிவு வர நாளாகும். நானே போன் பண்றேங்க."

அவர் கும்பிட்டுவிட்டுப் போனார். அன்று வீட்டுக்குப் போய் அவளால் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மறுநாள் ஆசிரியரிடம் சொன்னாள். "ஒரு டப்பா நல்லா வந்திருக்கும், விடுங்க. யாரு கேக்கப் போறா?" என்றார் அவர்.

"எனக்கு அன்னைக்கே சந்தேகம் வந்தது சார். ஒத்துவராத அளவை நான்தான் மறைச்சேன்."

அவர் திருத்தம் போட ஒத்துக்கொண்டார். மெஷினை ஒவ்வொரு தடவையும் ஆறவிட்டு, வரிசையை மாற்றி மாற்றி, எல்லாவற்றையும் மறுபடி ஓட்டினாள். ஏழுக்கும் நடுவே வித்தியாசம் என்று சொல்ல ஒன்றுமில்லை. அதோடு, குண்டில் விழும் தழும்பை வைத்து வண்டியின் ஆயுளைச் சொல்ல முடியாது என்பதும் அவளுக்கு முன்பே தெரியும். ஒரு தடவைகூட அதை எழுதியதில்லை.

திருத்தம் உள்பக்கத்தில் ஒரு மூலையில் வந்தது. மெக்கானிக் ஷெட் வைத்திருக்கும் தம்பி போன் செய்தான். "அக்கா, உன் பேரைச் சொல்லித்தானே அந்த முதலிடத்து ஆயிலை எல்லாருக்கும் ஊத்தினேன்? இப்ப எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுப் பேசுறது?"

இதழை எடுத்துக்கொண்டு பெரியவரின் பட்டறைக்குப் போனாள். விற்காத டப்பாக்கள் கூரைவரை அடுக்கியிருந்தன. அவர் நிதானமாகப் படித்தார். பக்கத்தில் நின்ற மனைவியைக் காட்டினார்.

"இவளே கேட்டுட்டாம்மா, 'உண்மையைச் சொல்லுங்க, கலப்படம் பண்றீங்களா'ன்னு."

அந்த அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அவள் உள்ளதைச் சொன்னாள். "நீங்க வந்த அன்னைக்கே எனக்குத் தெரிஞ்சிடுச்சுங்க. பொய் சொல்லித்தான் அனுப்பினேன்."

பெரியவர் கண்ணாடியைக் கழற்றினார். இதழில் வந்ததைவிட இதுதான் அவரை அதிகம் வாட்டியது போலிருந்தது.

"பஸ்ஸுல போறப்ப, நல்ல பொண்ணு, பொறுமையா பேசுச்சுன்னு நெனச்சுக்கிட்டே போனேன்."

'மன்னிச்சிடுங்க' என்று சொல்ல வாயெடுத்தாள். அவர் டப்பாக்களைத் துடைக்கத் திரும்பிவிட்டார். அவள் தலை குனிந்தபடியே வாசலைத் தாண்டினாள்.