ஒன்பதாவது கடமை

என் அண்ணனுக்குப் பள்ளிக்கூடத்தில் 'விசில்' என்று பெயர். அந்தக் கிறிஸ்தவ மேல்நிலைப் பள்ளியில் இருபத்திரண்டு வருடமாகப் பெண்கள் வாலிபால் அணிக்குப் பயிற்சியாளர். கழுத்தில் விசில் இல்லாமல் அவனைப் பார்த்தவர்கள் குறைவு. கல்யாண போட்டோவில்கூடச் சட்டைக் காலருக்குள் அந்தக் கயிறு தெரிகிறது. நான் அதே பள்ளியின் அலுவலகத்தில் எழுத்தர். அவன் தலையில் அவனே தூக்கி வைத்துக்கொள்வதையெல்லாம் டைப் அடிக்கும் பாக்கியம் எனக்கு.

பயிற்சியாளர்களின் கடமைகள் என்று பதினான்கு வரியில் ஒரு தாள் அலுவலகச் சுவரில் தொங்கும். பந்து அறைச் சாவியைப் பத்திரமாக வைப்பது, ஆட்டத்துக்கு முன் அணியோடு நின்று ஜெபிப்பது, கடைசிப் பிள்ளை வீட்டுக்குக் கிளம்பும்வரை கேட்டில் நிற்பது, இப்படி. எந்தப் பள்ளியிலும் இருப்பதுதான். ஒன்பதாவது மட்டும் என் அண்ணனின் சொந்தச் சரக்கு. ஒரு பருவத்தில் மூன்று புதன்கிழமை காலை ஜெபத்துக்கு வராத மாணவி அந்தப் பருவத்தில் எந்தப் போட்டியிலும் ஆடக் கூடாது. காரணம் கேட்கப்படாது. வருகையைப் பயிற்சியாளரே குறித்து, போட்டிக்கு முன் தலைமை ஆசிரியரிடம் கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டும்.

இதை யாராவது கேட்டார்களா? யாரும் கேட்கவில்லை. "ஆடத் தெரிஞ்சா போதும்னு நினைக்கிறாங்க பாப்பா, ஒழுங்கு வேணாமா?" என்று அவனே போய்த் தலைமை ஆசிரியரான ஃபாதரிடம் சொல்லிச் சேர்க்க வைத்தான். நாற்பத்தாறு வயதிலும் நான் அவனுக்குப் பாப்பாதான். 'காரணம் கேட்கப்படாது' என்பதை மட்டும் எடுத்துவிடலாமே என்று அப்போதே கெஞ்சினேன். "கேக்க ஆரம்பிச்சா ஆளுக்கு ஒரு காரணம் வெச்சிருப்பாங்க. நீ அடி" என்றான். நானும் அடித்தேன். என் விரலுக்கும் அந்தப் பாவத்தில் பங்கு உண்டு.

இந்த வருடம் அணித் தலைவி, 'கொக்கு' என்று எல்லோரும் கூப்பிடும் பெண். ஏழாம் நம்பர். கை நெட்டுக்கு மேலே போய்விடும். பள்ளியில் அவளுக்கு இது கடைசி வருடம். சனிக்கிழமை இறுதி ஆட்டத்துக்கு ஒரு கல்லூரியிலிருந்து தேர்வாளர் அம்மா வருவதாக இருந்தது. விளையாட்டுக்கென்று ஒரே ஒரு இடம். மார்க்கை நம்பினால் கொக்கு கல்லூரி வாசலைக்கூடப் பார்க்க முடியாது. கையை நம்பினால் உண்டு.

வியாழக்கிழமை மத்தியானம் நான் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கிறேன், அண்ணன் பதிவேட்டோடு வந்து நிற்கிறான். முகம் செத்துப் போயிருந்தது.

"கொக்குக்கு மூணு, பாப்பா."

"வாரா வாரம் நீதானே குறிக்கிற? இவ்வளவு நாள் கண்ணு எங்க போச்சு?"

"நம்ம கொக்கு வராம இருப்பாளான்னு அவ வரிசையைக் கூட்டியே பார்க்கல."

அவளை வரவழைத்தோம். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். "அம்மாவுக்கு இடுப்புல ஆபரேஷன் ஆச்சு சார். புதன்கிழமை காலையிலதான் ஆஸ்பத்திரியில நடக்கப் பழக்குறாங்க. மாடியிலேர்ந்து இறக்கிக் கூட்டிட்டுப் போக வேற ஆள் இல்ல. பருவத்தோட முதல் புதன் கணக்குல வராது, ரெண்டுதான் ஆச்சுன்னு நினைச்சேன் சார்."

"ஏம்மா, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

அவள் சுவரில் தொங்கிய தாளைப் பார்த்தாள். "காரணம் கேட்கப்படாதுன்னு போட்டிருக்கே சார்."

அவள் போனதும் நான் பேனாவை அவன் முன்னால் வைத்தேன். "ஒரு புதனுக்கு வந்தான்னு ஒரே ஒரு கோடு. போடு." பேனாவைத் திறந்தான். மூடினான். மறுபடி திறந்தான். "நீ போடலைன்னா நான் போடுறேன்" என்று பதிவேட்டைப் பிடுங்கினேன். விடவில்லை. "ஒவ்வொரு பக்கத்துலயும் என் கையெழுத்து இருக்கு பாப்பா" என்றான். எனக்கு வந்த ஆத்திரத்தில் டப்பாவை அப்படியே மூடி வைத்துவிட்டேன். நேர்மையாம் நேர்மை! ஒரு பெண்ணின் படிப்பு போகிறது, இவன் கையெழுத்தைக் காப்பாற்றுகிறான்.

இந்த ஒரு தடவை விதியை விட்டுக்கொடுக்கக் கேட்டு ஃபாதரிடம் போனோம். நல்ல மனிதர், யாரையும் அதட்டாதவர். கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"மாஸ்டர், ரெண்டு வருஷம் முன்னாடி அந்த டிரைவர் மகளை இதே விதியில உட்கார வெச்சீங்க. அவர் இந்த நாற்காலியில உட்கார்ந்து அழுதார். விட்டுடலாமான்னு உங்களைக் கேட்டேன். ஞாபகம் இருக்கா?"

"ஒருத்தருக்கு விட்டா எல்லாருக்கும் விடணும்னு சொன்னேன் ஃபாதர்." அண்ணன் பதிவேட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"அந்தப் பொண்ணு அதுக்கப்புறம் பந்தையே தொடல. அவளோட தங்கச்சி இங்க எட்டாவது படிக்கிறா. நாளைக்கு அவர் வந்து கேட்டா நான் என்ன சொல்லட்டும்? நீங்களே சொல்லுங்க, இப்பவே கையெழுத்துப் போடுறேன்."

அண்ணன் பதிவேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழுந்தான். நானும் அவன் பின்னாலேயே வெளியே வந்தேன். இத்தனைக்கும் வாயை வாடகைக்கு விடலாம் என்று வீட்டில் பெயர் வாங்கியவள் நான்.

சனிக்கிழமை கொக்கு ஏழாம் நம்பர் சட்டையோடு வந்து, தண்ணீர் பாட்டில்களுக்குப் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தாள். ஜெபத்துக்கு வட்டம் கூடியபோது வழக்கம்போல அவள்தான் சொன்னாள். யாருக்கும் அடிபடக் கூடாது, எல்லோரும் நன்றாக ஆட வேண்டும் என்று. அண்ணன் 'ஆமென்' சொன்னானா என்று எனக்குத் தெரியாது. அவன் தலை நிமிரவில்லை.

தேர்வாளர் அம்மா நோட்டோடு வந்தார். "ஏழாம் நம்பர் எங்க மாஸ்டர்?"

"இன்னிக்கு ஆடல மேடம்."

"அடிபட்டுடுச்சா?"

நான் ஸ்கோர் மேஜையில் இருந்தேன். ஆமான்னு சொல்லுடா, ஆண்டவர் மன்னிப்பார், சொல்லித் தொலை என்று மனசுக்குள் கத்தினேன்.

"இல்ல மேடம். வருகை குறைவு."

"ஓ, ஒழுங்கு சரியில்லையா?" அந்த அம்மா நோட்டை மூடினார்.

"ஐயோ இல்ல மேடம், தங்கமான பொண்ணு, அவங்கம்மாவுக்கு..." என்று இவன் ஆரம்பிப்பதற்குள் நடுவர் விசில் ஊதிவிட்டார். அந்த அம்மா தன் நாற்காலிக்குப் போய்விட்டார். ஆட்டம் முடிவதற்கு முன்பே கிளம்பியும் விட்டார். நாங்கள் எல்லா செட்டும் தோற்றோம்.

முடிந்ததும் கொக்கு காலி பாட்டில்களைக் கூடையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். அண்ணன் அவள் முன்னால் போய் நின்றான். "என்னைத் திட்டும்மா. ஏதாவது சொல்லு."

அவள் கடைசி பாட்டிலையும் வைத்துவிட்டு நிமிர்ந்தாள். "ரெண்டு வருஷம் முன்னாடி அந்த அக்காவுக்குப் பதிலாத்தான் சார் என்னை முதல்ல இறக்கினீங்க. அவங்க இதே பெஞ்சுல அழுதுட்டு இருந்தாங்க. நான் ஒண்ணுமே கேக்கல சார். ஷூ கயிறைக் கட்டிட்டு ஓடிட்டேன்." கூடையை ஓரமாக நகர்த்திவிட்டு, "அம்மா தனியா இருப்பாங்க, நான் போகட்டுமா சார்?" என்றாள்.

அவன் தலையை ஆட்டினான். அவள் போனாள்.

பிறகு வழக்கம்போல கேட்டில் போய் நின்றான். ஒவ்வொரு பிள்ளையாகக் கிளம்பியது. வாட்ச்மேன் சாவியோடு வந்து என்னைப் பார்த்தார். நான் போய் அண்ணன் கையைத் தொட்டேன்.

"எல்லாரும் போயாச்சு அண்ணா. வா."

"தெரியும் பாப்பா" என்றான். ஆனால் நகரவில்லை.