வெள்ளிக் கோட்டின் மின்தடை

மண்ணூர்பேட்டையில் நான் வேலை பார்த்த தொழிற்கூடம் சூடேறும் தாள்களைச் செய்தது. மெல்லிய பிளாஸ்டிக் தாளின் மேல் கரி மை பூசி, அதன் இரண்டு நீண்ட ஓரங்களிலும் வெள்ளி மையால் ஒவ்வொரு கோடு அச்சிட்டு, அந்தக் கோடுகளுக்கு மின்சாரம் கொடுத்தால் தாள் இளஞ்சூடாகும். குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளின் மெத்தைக்கு அடியில் விரிப்பதற்காக ஒரு மருத்துவமனை அதைக் கேட்டிருந்தது. தாள் முழுவதும் ஒரே சூடு இருக்க வேண்டும் என்பது அவர்களுடைய நிபந்தனை. தொண்ணூறுகளின் தொடக்கம் அது. முனைவர் பட்டம் பெற்றவன் அங்கே நான் ஒருவன்தான். குளிரூட்டிய அறையில் இருந்த ஒரே கணினியும் என் பொறுப்பில்தான் இருந்தது.

அந்தச் சூட்டை முன்கூட்டியே கணக்கிட்டுச் சொல்வது என் வேலை. தாளை வரைந்து, நூற்றுக்கணக்கான முக்கோணங்களாகப் பிரித்து, ஒவ்வொரு மூலைக்கும் ஓர் எண்ணும் இரண்டு அளவுகளும் தந்து, கரி மின்சாரத்தை எவ்வளவு தடுக்கும் என்ற மின்தடையையும் சேர்த்துக் கணினியில் ஏற்றினால், எங்கே எவ்வளவு மின்னோட்டம் பாயும் என்று அது சில மணி நேரத்தில் சொல்லும். ஃபைனைட் எலிமென்ட் என்று அந்த முறைக்குப் பெயர். ஓர் எண் பிசகினால் ஒரு முக்கோணம் கவிழும். கணக்கு முழுவதும் பாழாகும். ஆகவே அட்டவணைகளை மாலையில் காட்டுப்பாக்கம் வீட்டுக்கு எடுத்துச் செல்வேன்.

என் மனைவி பூந்தமல்லியில் ஓர் அரசு அலுவலகத்தில் தட்டச்சர். தட்டச்சு செய்த கடிதத்தை ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர் மூலத்தோடு வரி வரியாகச் சரிபார்த்து, ‘ஒப்பு நோக்கப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்திடுவது அவர்கள் அலுவலக வழக்கம். அந்த வழக்கத்தை அவள் என் முக்கோணங்களுக்கும் கொண்டுவந்தாள். அவள் படிப்பாள், சரியாக இருக்கும் வரிக்கு நான் பென்சிலால் புள்ளி வைப்பேன். அவள் இறந்து இது இரண்டாவது ஆண்டு.

முதலில் செய்த தாள்கள் சோதனையில் தேறவில்லை. மின்கம்பிகள் இரண்டையும் இணைத்த முனையில் நல்ல சூடு. மறுமுனையில் கை வைத்தால் சூடு இருப்பதே சரியாகத் தெரியவில்லை. என் கணக்கோ தாள் முழுவதும் ஒரே சூடு என்றது. முதலாளி தாளையும் என் அறிக்கையையும் அருகருகே வைத்துப் பார்த்தார். கணக்கு சரி என்றால் பிழை அச்சில் என்ற முடிவுக்கு வர அவருக்கு அதிக நேரம் ஆகவில்லை.

அச்சுப் போட்டவர் ஆவடிக்காரர்; கத்தோலிக்கர்; என்னைவிட இரண்டு மூன்று வயது இளையவர். சட்டத்தில் இறுகக் கட்டிய வலைத்துணியின் மேல் மையை ஊற்றி, ரப்பர்க் கட்டையால் ஒரே இழுப்பில் இழுத்து முடிப்பார்.

“இழுப்போட கடைசியில உன் கை தளருது. அங்க மை மெலிசாயிடுது. சாரோட கம்ப்யூட்டரே சொல்லுது,” என்றார் முதலாளி.

“கம்ப்யூட்டரு என் கையப் பாத்துச்சா சார்?” என்றார் அவர். “இருவது வருசமா இழுத்துகினு கீறேன். எத்தினி கல்யாணப் பத்திரிக! ஒண்ணுலயாவது மாப்ள பேரு பளிச்சுனு, பொண்ணு பேரு மங்கலா வந்துகீதா, கேட்டுப் பாருங்க.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். முதலாளி சிரிக்கவில்லை. சனிக்கிழமைக்குள் ஒரு தாளாவது சரியாக வர வேண்டும், இல்லையென்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். அன்று செவ்வாய்க்கிழமை.

கணினி அறைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வர வேண்டும். அவர் பாதங்களில் எப்போதும் கரி மை ஒட்டியிருக்கும் என்பதால் செருப்பைக் கழற்றியும் அவர் உள்ளே வந்ததில்லை. அன்றும் வாசலில் நின்றே பேசினார்.

“சார், உங்க மிசின்ல இன்னொரு தபா போட்டுப் பாருங்களேன். பொண்ண இப்பதான் நர்சிங் சேத்துகீறேன். இந்த நேரத்துல வேல போச்சுன்னா ஊட்டாண்ட போயி இன்னான்னு சொல்வேன்?”

“பார்க்கிறேன்,” என்றேன். என் எண்களில் பிழை இருக்காது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவரை அனுப்புவதற்காக அப்படிச் சொன்னேன்.

சொன்ன சொல்லுக்காக அட்டவணையை மறுபடியும் வீட்டுக்கு எடுத்துச் சென்றேன். விளக்கு வைக்கும் நேரம். டியூப்லைட் இரு முனையிலும் சிவந்து சிவந்து துடித்ததே தவிர எரியவில்லை. மனைவி ஜன்னலோரம் நகர்ந்து உட்கார்ந்து படித்தாள். நான்காவது பக்கத்தில் நிறுத்தினாள்.

“ஏங்க, இந்த வெள்ளிக் கோட்டுக்கு மட்டும் மின்தடைன்னு ஒண்ணும் போடலையே. விட்டுப் போச்சா?”

“அது வெள்ளி. கோடு முழுக்க ஒரே வோல்டேஜ்னு எடுத்துக்கறதுதான் வழக்கம்.”

“நம்ம தெருக் கம்பி மட்டும் என்னவாம்? டிரான்ஸ்பார்மர் பக்கத்துல மளிகைக்கடைக்காரருக்கு ஃபேன் பறக்குது. கடைசி வீட்டுல நமக்கு லைட்டே எரிய மாட்டேங்குது. வழியெல்லாம் தின்னுக்கிட்டுத்தானே வருது?”

“அது வேற. நீ அடுத்த வரியப் படி.”

அவள் அடுத்த வரியைப் படித்தாள்.

மறுநாள் காலை, கணினி அறைக்குப் போகும் முன் வோல்ட் மீட்டரை எடுத்துக்கொண்டு சோதனை மேசைக்குப் போனேன். கம்பி இணைத்த முனையில் இரு கோடுகளுக்கும் இடையே கொடுத்த மின்னழுத்தம் அப்படியே இருந்தது. மறுமுனையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைக் காணோம். வெள்ளி மை என்பது பசையில் கலந்த வெள்ளித் தூள். அதை மிக மெல்லியதாக, மிகக் குறுகலாக, ஒரு கை நீளத்துக்கு மேல் இழுத்திருந்தோம். நான் மனத்தில் வைத்திருந்தது பாடநூலில் படித்த வெள்ளியை. ஐந்து நிமிட வேலை அது. ஐந்து வாரமாக நான் அதைச் செய்யவில்லை. அச்சில் ஒரு குறையும் இல்லை.

வெள்ளிக்கு உரிய மின்தடையைச் சேர்த்து மறுபடி கணக்கிட்டேன். இம்முறை கணினி குளிர்ந்த முனையைக் காட்டியது. கோட்டை அகலமாக்கி, இரண்டு கம்பிகளையும் எதிரெதிர் முனைகளில் இணைக்கும்படி எழுதிக்கொடுத்தேன். வெள்ளிக்கிழமை அவர் புதுத் தாளை அச்சிட்டார். சூடு பெருமளவு சீராக இருந்தது. தாள் தேறியது.

“எப்படி சார் பிடிச்சீங்க?” என்று முதலாளி கேட்டார். அச்சுக்காரரும் பக்கத்தில் நின்றிருந்தார்.

“திரும்பப் பார்த்ததில் தெரிந்தது,” என்றேன். அதில் பொய் எதுவும் இல்லை என்று பல ஆண்டுகள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, ஒரு கேக் பெட்டியோடு அச்சுக்காரர் எங்கள் வீட்டுக்கு வந்தார். என் மனைவி காபி கொண்டுவந்தாள்.

“அக்கா, சார் மட்டும் இல்லேன்னா என் பொழப்பு நாறிப் போயிருக்கும். இன்னா மூளைக்கா அது! வில்லங்கம் என் கையில இல்ல, வெள்ளிக் கோட்டுலதான் கீதுன்னு ஒரே நாள்ல புட்டுப் புட்டு வெச்சுட்டாரு.”

“வெள்ளிக் கோட்டுலயா?” என்றாள். என்னைப் பார்த்தாள். நான் கேக் பெட்டியின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தேன். “சார் அப்படித்தான், எல்லாத்தையும் கண்டுபிடிச்சுடுவாரு. உங்களுக்குச் சர்க்கரை போதுமா பாருங்க.”

அவர் போதும் என்றார். மகளைப் பற்றி நிறையப் பேசினார். மகிழ்ச்சியாகப் புறப்பட்டுப் போனார். அவள் டம்ளர்களைக் கழுவினாள். நான் இருந்த நாற்காலிக்கும் கழுவும் தொட்டிக்கும் நான்கு அடி தூரம். அவள் ஏதாவது சொன்னால் ஒப்புக்கொள்வது என்று காத்திருந்தேன். அவள் டம்ளர்களைக் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள் மாலை அடுத்த அட்டவணையை அவளே எடுத்துவந்து படித்தாள். முக்கோணங்களைத் தானே பிரித்துக்கொள்ளும் மென்பொருள் வரும்வரை, மேலும் ஏழு ஆண்டுகள் படித்தாள். எண்களை மட்டும் படித்தாள். ஒருமுறை, ஏதோ ஒரு வரியில் அவள் குரல் சற்று நின்று, பிறகு தொடர்ந்தது. என்ன என்று நான் கேட்கவில்லை. அந்த வரிக்கும் புள்ளி வைத்தேன்.