எக்ஸெம்ப்ளரி

ஐம்பதுகளில் ஓசூரில் ஓர் ஆபீஸில் டைப்பிஸ்டாக இருந்தேன். அங்கே வாட்ச்மேன் பட்டாளத்திலிருந்து திரும்பியவர். முறுக்கிய நரை மீசை. சட்டைப் பித்தளைப் பொத்தான்களைத் தினமும் துடைத்துப் பளபளக்க வைத்திருப்பார். வறட்சியில் ஆபீஸ் கிணற்றடிக் கதவைச் சேரிப் பெண்களுக்குத் திறந்துவிட்டார் என்று அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். இங்கிலீஷில் வந்த உத்தரவை நான்தான் படித்துச் சொன்னேன். 'எக்ஸெம்ப்ளரி' தண்டனை என்றிருந்தது.

"பட்டாளத்துல குடுத்த நன்னடத்தைப் பத்திரத்துலயும் இதே வார்த்தைதானுங்களே சார்?" என்று கேட்டார்.

"அது, உங்களப் பாத்து மத்தவங்களும் அப்படி நடக்கணும்னு. இது, உங்களப் பாத்து மத்தவங்க பயப்படணும்னு."

"ரெண்டுலயும் என்னயத்தான் பாக்கச் சொல்றாங்க. பாக்கட்டுமுங்க" என்று சிரித்தார்.

சாவியை என் மேஜைமேல் வைத்துவிட்டுத் தளராமல் நடந்து போனார். வெளியே பெண்கள் குடங்களோடு நின்றிருந்தார்கள். எதற்கும் பயப்படுகிற நான், அன்று எழுந்துபோய்க் கதவைத் திறந்தேன்.