மச்சானின் மூன்றாவது பாட்டு

அந்த சி.டி.யின் அட்டையில், சிரிக்கலாமா வேண்டாமா என்ற முகத்தோடு மச்சான் தொப்பி போட்டுக்கொண்டு நிற்பார். மச்சான் என்றால் என் ராத்தாவின், அதாவது அக்காவின், கணவர். நீடாமங்கலத்தில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை. கல்யாண வீடுகளில் கூப்பிட்டால் போய்ப் பாடுவார். பாட்டுகளும் அவரே எழுதியவைதான். "என்னமா பாடுறீங்க பாய்!" என்று புகழ்ந்து, பிரியாணி போட்டு அனுப்பிவிடுவார்கள். அந்தப் புகழ்ச்சியை நம்பித்தான் ராத்தாவின் வளையல்களை அடகு வைத்து, தஞ்சாவூரில் எட்டுப் பாட்டுகளைப் பதிவு செய்துகொண்டு வந்தார். வளையலை மீட்க வேண்டும், ஜவுளிக்கடையை விட்டு வெளியே வர வேண்டும். இரண்டுக்கும் அவருக்கு இருந்த ஒரே வழி அந்த சி.டி.தான்.

நான் அப்போது வளைகுடாவுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். ஒரு கட்டு சி.டி.யை என் பெட்டியில் சட்டைகளுக்கு நடுவே அவரே அடுக்கினார். "மாப்ளே, நம்ம ஆளுங்க பாதிப் பேரு அங்கதான இருக்காங்க. ஆளுக்கு ஒண்ணு வாங்குனாப் போதும்" என்றார்.

அங்கே யாரிடமும் சி.டி. போட்டுக் கேட்கும் பெட்டி இல்லை. எல்லோர் கையிலும் போன்தான் இருந்தது. நோன்பு மாதத்தில் ஒருநாள் அலுவலகக் கணினியில் பாட்டுகளை இறக்கி என் போனில் ஏற்றினேன். கணினி ட்ராக் ஒன்று, ட்ராக் இரண்டு என்று தானே எண் போட்டுக்கொண்டது. பாடியவர் பெயரைச் சேர்க்க ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். எனக்குத் தோன்றவில்லை.

மூன்றாவது பாட்டு, சம்பாதிக்கப் போன மகனை நினைத்துக்கொண்டு தனியாக நோன்பு திறக்கும் தாயைப் பற்றியது. நாங்கள் தங்கியிருந்த அறையில் அழாதவர்கள் இல்லை. எல்லோரும் தங்கள் போனுக்கும் வேண்டும் என்று கேட்டார்கள், நானும் அனுப்பினேன். ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையே! பூதலூர்க்காரர் ஒருவர் மட்டும், "பாடுனவருக்கு ஏதாவது குடுக்க வேணாமாப்பா?" என்றார். "அவரு பாட்டு அவருகிட்டயேதான இருக்கு? இதுல என்னண்ணே குறைஞ்சுபோச்சு?" என்று மடக்கினேன். அந்தப் பதிலை நினைத்து அன்றைக்கு எனக்குப் பெருமை வேறு.

விடுமுறையில் ஊருக்கு வந்ததும் பெரிய நல்ல செய்தி போல மச்சானிடம் சொன்னேன். "மச்சான், அங்க எல்லாரு போன்லயும் உங்க பாட்டுத்தான்!" அவர் முகம் மலர்ந்தது. பிறகு மெதுவாகக் கேட்டார்: "அப்ப அந்தக் கட்டு?"

"கட்டிலுக்கு அடியில பத்திரமா இருக்கு மச்சான்."

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் மன்னிப்பாவது கேட்டிருப்பேன். "சரி, கடைக்கு நேரமாச்சு" என்று எழுந்து போய்விட்டார். அடுத்த வருடம் வளையல்கள் ஏலத்தில் போயின. கல்யாண வீடுகளிலும் அவரைக் கூப்பிடுவது நின்றது. அவர் பாட்டையே பென் டிரைவில் போட்டுக்கொண்டார்கள்.

இணையத்தில் பாட்டு எடுப்பது திருட்டா என்று இன்றும் என்னிடம் யாராவது வாதம் செய்ய வந்தால் எரிச்சலாக வருகிறது. மேல்மடையில் மடையைத் திறந்துவிடுகிறவன் தன்னைத் திருடன் என்றா நினைக்கிறான்? ஆற்றுத் தண்ணீர்தானே என்பான். கடைமடையில் பயிர் காய்ந்தவனைக் கேட்டால்தான் அது என்னவென்று தெரியும். நான் செய்தது திருட்டுத்தான். பாசத்தோடு செய்தேன் என்பதால் அதற்கு வேறு பெயர் கிடையாது.

போன வருடம் மச்சான் இறந்துபோனார். கடைசி வரை அதே ஜவுளிக்கடைதான். நாற்பதாம் நாள் பாத்திஹா முடிந்து ராத்தாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அடுத்த வீட்டுக்குப் புதிதாக வந்த மருமகள் போனை நீட்டினாள். "இதக் கேளுங்க ராத்தா, மனசுக்கு ஆறுதலா இருக்கும். யாரு பாடுனதுன்னுதான் தெரியல."

மூன்றாவது பாட்டு. ராத்தா கண்ணை மூடிக்கொண்டு கடைசி வரி வரைக்கும் கேட்டாள். பிறகு, "இது அவங்க பாடுனதும்மா" என்றாள்.

அந்தப் பெண் போனைத் திருப்பிப் பார்த்தாள். அதில் பெயர் எதுவும் இல்லை. "அப்படிங்களா ராத்தா" என்று இரக்கத்தோடு ராத்தாவின் கையைத் தடவிக்கொடுத்தாள். துக்கத்தில் ஏதோ சொல்கிறாள் என்று நினைத்துவிட்டாள். ராத்தாவுக்கும் அது புரிந்தது.

"நம்பலன்னா என் தம்பியக் கேளும்மா" என்றாள் ராத்தா. "அவன்தான் எல்லாருக்கும் குடுத்தான்."